சூசை அண்ணாச்சி தண்ணியில் கிடந்த இருபத்தைந்து வருடம்

1

இந்த வாரத்தோடு நான் நூலகத்தின் தகவல் மேசைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. போனில் இதைச் சொன்னதும் தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கை கேட்டாள்: "கேட்டதெல்லாம் செல்போன்லயே வருதே. இதுக்குன்னு ஒன்னைய ஒரு மேசையில உக்கார வச்சிருக்காவளாக்கும்?"

அவளுக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. நான் ஒரு வரி சொல்வதற்குள் அவள் மூன்று வரி சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் வாய் நீளம், எனக்குக் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

கனடாவுக்கு வருவதற்கு முன் தூத்துக்குடியில் பதினோரு வருடம் ஓர் ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்குப் போகிற சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்கிற வேலை. உப்பு, கருவாடு, பனந்தும்பு, நிலாவாரை இலை என்று எது வந்தாலும் அதற்குப் பட்டியலில் ஒரு தலைப்பு இருக்கும். அந்தத் தலைப்பைச் சரியாகக் கண்டுபிடித்து எழுத வேண்டும். ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த ஒருவர் பனை நாரான பனந்தும்பைத் தேங்காய் நார் என்று எழுதிவிட்டார். நான்கு நாள் பெட்டி நகரவில்லை. உள்ளே இருப்பது பனந்தும்புதான் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? "காயிதம் என்ன சொல்லுதோ அதுதாம்மா சரக்கு" என்பார் எங்கள் மேலாளர் அண்ணாச்சி.

கணவருக்கு இங்கே வேலை கிடைத்து, டொராண்டோவை ஒட்டிய இந்த ஊருக்கு வந்தோம். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நான் பக்கத்து நூலகக் கிளையில் புத்தகம் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சேரச் சொல்லி வந்த கடிதத்தில், 'பேட்ரன்களுக்கு உதவுவதே எங்கள் முதல் கடமை' என்று இருந்தது. நம்மூரில் பேட்ரன் என்றால் யார்? கோவில் கொடைக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் நோட்டீசின் உச்சியில் பெரிய எழுத்தில் பெயர் போடுவார்களே, அந்தப் புரவலர். அப்பேர்ப்பட்ட பெரிய மனிதர்கள் வந்துபோகிற இடம் என்று நினைத்து முதல் நாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். முதலில் வந்த பேட்ரன் நனைந்த காலணியோடு நின்று கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். நூலகத்துக்குள் காலடி வைக்கிற எவரும் இங்கே பேட்ரன்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. இப்போது நினைத்தால் அது நல்ல வழக்கமாகத்தான் படுகிறது.

2

போன வருடம் தகவல் மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்றதும், "நீ வருகிறாயா?" என்று என் மேற்பார்வையாளர் ஹெலன் கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை. நூலகம் சந்தா கட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்களில் தேடப் பழகிக்கொள்ள வேண்டும்.

தங்கைக்காக விளக்கிச் சொல்கிறேன். நம் செல்போனில் தேடினால் வருவது கடைத்தெரு. யார் சத்தமாகக் கூவுகிறார்களோ அவர்கள் முதலில் தெரிவார்கள். தரவுத்தளம் என்பது அதற்குப் பின்னால் இருக்கிற கிட்டங்கி, சரக்கு அடுக்கி வைக்கிற கிடங்கு. மருத்துவர்கள் மருத்துவர்களுக்காக எழுதியது, பழைய செய்தித்தாள்கள், சட்டம், விவசாயம், கடல் என்று தனித்தனிக் கிட்டங்கிகள். பூட்டிக் கிடக்கும். நூலக அட்டையின் எண்ணைப் போட்டால் திறக்கும். அந்த அட்டை ஊரில் யாருக்கும் இலவசம்.

திறந்துவிட்டேன், ஆனால் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பயிற்சிப் பாடம் முழுவதும் வீட்டில் கணினியிலேயே படிக்க வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் முடிவில் ஒரு பரீட்சை. நான் தேடும் பெட்டியில் முழு வாக்கியம் எழுதுவேன். 'தயவுசெய்து' என்றும் சேர்த்துக்கொள்வேன். பிளஸ் டூ வயதில் இருக்கும் என் மகள் ஷாலினி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, அதுக்கிட்ட ப்ளீஸ் சொல்ல வேண்டாம்மா" என்று சிரித்தாள். ஒன்று, எதுவுமே வராது. இல்லாவிட்டால் லட்சக்கணக்கில் வந்து விழும். இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது. இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்று கணவரிடம் புலம்பினேன். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் தேவையில்லை என்றார். அதற்காகவே விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஹெலன் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ அதை என்ன பெயரில் கூப்பிடுகிறாய் என்பது அதற்குத் தெரியாது. அவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார். இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு தலைப்புதான்" என்றார்.

அடப் பாவமே, இது சுங்கப் பட்டியல் அல்லவா? பதினோரு வருடம் நான் பார்த்த வேலை அல்லவா?

அன்று இரவு வீட்டில் சோதித்துப் பார்க்க நிலாவாரையைத் தேடினேன். நம்மூரில் வயிறு கழுவுவதற்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள், பிள்ளைகள் அந்த வாடைக்கே ஓடும். அதன் வணிகப் பெயர் எனக்குத் தெரியும், சென்னா என்று எத்தனையோ காகிதத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் போட்டு, பக்கத்தில் காட்டிய தலைப்பைத் தொட்டேன். வரிசை வரிசையாக வந்தது. வேதியியல்காரர்கள், வைத்தியர்கள், செடி ஆராய்கிறவர்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்து அந்த ஒரு இலையைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அதன் பெயரோடு 'தின்னவேலி' என்று நம்ம திருநெல்வேலியும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூட்டை மூட்டையாக அனுப்பியிருக்கிறேன், அது போய்ச் சேர்ந்த இடத்தில் இத்தனை பேர் அதன் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

3

மேசைக்கு வந்த இரண்டாவது மாதம் சூசை அண்ணாச்சி வந்தார்.

அன்றைக்கு மதிய இடைவேளையில் தமிழ்ப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நின்று தங்கையிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "போளா, ஒனக்கு வேற சோலி இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், அறுபதைத் தாண்டிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கறுத்து மெலிந்த உடம்பு. அவர் அளவுக்குப் பெரிதாக ஒரு குளிர் மேலங்கி.

"நீங்க தூத்துக்குடியாம்மா?" என்றார். "அந்தச் சத்தத்தக் கேட்டு மாசக்கணக்காச்சு. அதான் நின்னுட்டேன். நான் திரேஸ்புரம். பேரு சூசை."

"நான் கீழூர், அண்ணாச்சி. உக்காருங்க."

"கீழூரா? அப்ப நம்ம பக்கந்தான்" என்று சொல்லி உட்கார்ந்தார். இடது கையை அவரால் தூக்க முடியவில்லை. வலது கையால் அதைப் பிடித்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"இதுல நான் குடிகாரன்னு எழுதியிருக்காம். ஒரு வாசி வாசிச்சுச் சொல்லுங்கம்மா. எனக்கு இங்கிலீசு தெரியாது."

பெரிய மருத்துவமனை ஒன்றின் எலும்பு நிபுணர் எழுதிய கடிதம் அது. எங்கள் மேசைக்கு ஒரு விதி உண்டு. மருத்துவக் காகிதத்தை வாசித்துக் காட்டலாம், அதற்கு விளக்கம் சொல்லக் கூடாது, இதைச் செய்யுங்கள் அதைச் செய்யுங்கள் என்று யோசனையும் சொல்லக் கூடாது. விதியை நினைத்துக்கொண்டே வாசித்தேன். இடது தோளிலும் இடது இடுப்பிலும் எலும்பின் முனைக்கு ரத்தம் போகாமல், அந்த இடம் மட்டும் செத்துக்கொண்டு வருகிறது. காரணம் என்ற இடத்தில், 'இருபத்தைந்து வருடம் தினமும் கடுமையாகக் குடித்ததாக நோயாளியே ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது. பொழுதுபோக்கு என்ற இடத்தில், 'கடலில் குளித்தல்'. முதலில் குடிநோய் ஆலோசனைக்குப் போகட்டும், அறுவைச் சிகிச்சை பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று முடித்திருந்தார்கள்.

நான் வாசித்து முடித்ததும் அண்ணாச்சி காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆயுசுல ஒரு சொட்டுத் தொட்டதில்லம்மா" என்றார். "எங்கய்யா குடிச்சே செத்தாரு. அவரப் பொதச்சுட்டு வந்த அன்னைக்கு, மாதா கோயில் வாசல்ல வச்சு எங்கம்மை கையப் பிடிச்சுச் சத்தியம் பண்ணுனவன் நான். இப்ப எம் மவனே நம்ப மாட்டேங்கான். 'நீங்களே டாக்டர்ட்ட சொல்லியிருக்கியள'ங்கான். எம் பெட்டியத் தொறந்து பாட்டில் இருக்கான்னு பாத்தான். நான் பக்கத்துலயே நிக்கேன், எம் முன்னாலயே பாக்கான்."

அதையும் பொறுத்துக்கொண்டாராம். ஆனால் பேத்தி விஷயம் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை. இங்கே வந்த நாளிலிருந்து அதைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவது அவர்தான். அவருடைய நாளில் இருந்த ஒரே வேலை அதுதான். காகிதம் வந்த அன்றைக்கே அது நின்றுவிட்டது.

"பதிமூணு நாளாச்சு. மருமவ பெர்மிசன் போட்டுட்டு ஓடி ஓடிப் போறா. அவ மேலயும் தப்பு இல்ல. குடிக்கவன் கையில பிள்ளைய எவ குடுப்பா? நேத்து பிள்ள கேக்கு, 'தாத்தா, நீ என்ன தப்பு செஞ்ச'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

4

"அண்ணாச்சி, டாக்டர்ட்ட நீங்க என்ன சொன்னிய? ஒரு வார்த்த மாறாம எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

மகன் வேலைக்குப் போய்விட்டதால் அன்றைக்கு இவர் தனியாகப் போயிருக்கிறார். மொழிபெயர்க்க மருத்துவமனையே போனில் ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

"நல்ல பிள்ள. தமிழ் நல்லாத்தான் பேசுச்சு, மெட்ராஸ் பக்கம் போல. 'இத்தன வருசமா என்ன செஞ்சீங்க'ன்னு டாக்டர் கேக்காருன்னுச்சு. நான் சொன்னேன், 'என்னத்தச் சொல்ல, சங்கு குளிக்கப் போனவன் நான். இருபத்தஞ்சு வருசம் தண்ணியிலயேதான் கெடந்தேன்'னு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு என்ன கேட்டுச்சு?"

"'தினமுமா'ன்னுச்சு. 'நெதமும்தான். ஞாயித்துக்கெழம மட்டும் கெடையாது, பூசைக்குப் போவணும்லா'ன்னேன். 'எவ்வளவு நேரம்'ன்னுச்சு. 'காலையில ஆரம்பிச்சா பொழுது சாயுத வரைக்கும்'ன்னேன். 'இப்பவும் உண்டா'ன்னு கேட்டுச்சு. 'இங்கன எங்க போவ, அது ஊரோட போச்சு'ன்னேன். வேற ஒண்ணுமே சொல்லலம்மா. மாதா மேல சத்தியம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன், நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சிரிக்கியளா?" என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"உங்களப் பாத்துச் சிரிக்கல அண்ணாச்சி. தண்ணின்னு சொன்னியளே, தண்ணி. 'அவன் எந்நேரமும் தண்ணியிலதான் கெடப்பான்'னு நம்மூர்ல யாரச் சொல்லுவோம்?"

அவர் வலது கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "அட பாவி. அப்ப நான் என் வாயாலயேதான் கெட்டேனா?"

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். சங்கு குளிப்பது என்றால் கடலுக்கு அடியில் இறங்கிச் சங்கு எடுப்பது என்று நம் கரையில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குக் குளிப்பது என்றால் சோப்புப் போட்டுக் குளிப்பதுதான். தண்ணி என்றால் என்ன என்பதோ தமிழர் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்ததுதான் வினையாகிவிட்டது. அன்று மாலை இதை என் மகளிடம் சொன்னேன். "தண்ணின்னா வாட்டர்தானேம்மா, வேற என்ன?" என்றாள். அவள் தமிழ் நாளுக்கு நாள் தேய்ந்து வருவதை நினைத்து நான் எத்தனை நாள் சலித்துக்கொண்டிருக்கிறேன். அவள் மட்டும் அன்றைக்கு மொழிபெயர்த்திருந்தால் சூசை அண்ணாச்சிக்கு இந்தக் கெட்ட பெயரே வந்திருக்காது. இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

5

ஆனால் வார்த்தையைத் திருத்தினால் மட்டும் போதாது. குடிக்கவில்லை என்றால் எலும்பு ஏன் செத்தது? குடிகாரன் எவனும் குடிக்கவில்லை என்றுதான் சொல்வான் என்று மகன் கேட்டால் என்ன பதில்?

ஹெலனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "விளக்கம் சொல்லாதே, தேடிக் கொடு. அதுதான் நம் வேலை" என்றார். தன் நாற்காலியை இழுத்து எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவத் தரவுத்தளத்தைத் திறந்தேன். அவசரத்தில் காகிதத்தில் இருந்ததையே போட்டேன்: கடல், குளித்தல், எலும்பு. வெந்நீர் ஊற்றில் குளித்தால் மூட்டுவலி குறையுமா என்று யாரோ எழுதியது வந்தது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். சரக்குக்குத் தப்பான தலைப்பு. குளித்தலை எடுத்துவிட்டு முக்குளித்தல் என்று மாற்றினேன். அப்போதும் நீச்சல் குளத்துப் பலகையிலிருந்து தலைகீழாகக் குதிக்கிற விளையாட்டுக்காரர்கள்தான் வந்தார்கள்.

"அண்ணாச்சி, எப்படி எறங்குவிய? மூச்ச அடக்கியா?"

"அது எங்கய்யா காலத்துல. கல்லக் கட்டி எறங்குவாவ, முத்தெல்லாம் அவியளோட சரி. எங்க காலத்துல கம்ப்ரசர்லா. வள்ளத்துல கம்ப்ரசர் ஓடும். நீள டியூப்பு, அதக் கடவாப் பல்லுல கடிச்சுக்கிட்டு, இடுப்புல ஈயத்தக் கட்டி எறங்க வேண்டியதுதான். காத்து அதுல வரும். ஒரு முங்குக்கு ஒண்ணர மணி நேரம், ரெண்டு மணி நேரம் கீழயே கெடப்போம்."

அழுத்திய காற்று. குழாய். முக்குளிப்பவர். எலும்பு. நான்கையும் போட்டேன். பக்கத்தில் தரவுத்தளம் தானாக ஒரு தலைப்பை நீட்டியது. வாயில் நுழையாத நீளச் சொல். அதைத் தொட்டேன்.

திறந்தது. தங்கை, அதை எப்படிச் சொல்வேன்? ஒரு திரை முழுக்க, கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாம் கடலுக்கு அடியில் வேலை செய்கிற மனிதர்களின் எலும்பைப் பற்றி மட்டுமே. வேறு வேறு கடல்கள். அங்கேயும் படகில் கம்ப்ரசரை ஓட்டிக் குழாயைக் கடித்துக்கொண்டு சிப்பிக்கும் நண்டுக்கும் இறங்குகிறவர்கள். அழுத்தத்தில் இழுத்த காற்று, மேலே வரும்போது ரத்தத்தில் சின்னச் சின்னக் குமிழாகி ரத்த நாளத்தை அடைத்து, எலும்பு முனையைச் சாகடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். வியாதி வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகலாமாம். காரணங்களின் பட்டியலில் குடியும் இருந்தது, அழுத்தக் காற்றும் இருந்தது.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். விளக்கவில்லை, வாசித்தேன், அவ்வளவுதான். மூட்டுவலியோடு இருக்கிற முக்குளிப்பவர் மறுபடி ஆழத்துக்குப் போனால் வலி குறைந்துவிடும் என்ற வரிக்கு வந்தபோது அண்ணாச்சி வலது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இரிங்க. அத இன்னொரு மட்டம் வாசிங்க."

வாசித்தேன்.

"இது எங்களுக்குத் தெரியுமே" என்றார் மெதுவாக. "சாயங்காலம் தோளு வலி உசுரு போவும். அந்தால மறுநா காலையில எறங்குன ஒடன சுவிட்ச அமத்துன மாதிரி நின்னுரும். கடல் தாயி வாங்கிக்கிடுதான்னு சொல்லுவோம். இத யாரு எழுதுனா? நம்மூருக்கு வந்து கேட்டாவளா?"

"இல்ல அண்ணாச்சி. வேற கடல்ல, வேற ஆளுவளப் பாத்து எழுதுனது."

"அங்கனயும் ஆளு எறங்குதானா?"

"எறங்குதாவ போலருக்கு."

கட்டுரையின் நடுவில் ஒரு தோளின் எக்ஸ்ரே படம் இருந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். மூக்குத் திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். டாக்டர் காட்டிய அவருடைய படத்திலும் இதே இடத்தில் இதே நிழல் இருந்ததாம். பெயர் தெரியாத, நாடு தெரியாத ஒரு மனிதனின் தோளை அவர் விரலால் தொட்டார். ஹெலன் எழுந்து எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். சுற்றிலும் ஆட்கள் கணினியில் பயணச் சீட்டும் வேலை விண்ணப்பமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக இன்னொருவன் வலியை எழுதி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தப்பான சொல்லைப் போட்டால் இது அத்தனையும் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

"எங்க செட்டுல நாலு பேருக்கு இடுப்பு போச்சு" என்றார் அண்ணாச்சி. "ஒருத்தனுக்கும் ஏன்னு தெரியாது. வயசாச்சு, கடல் காத்துன்னு நெனச்சிக்கிட்டு வீட்டுல மொடங்கிக் கெடக்கானுவ. அவனுவகிட்டச் சொல்லணும்மா. இதத் தமிழ்ல எழுதித் தருவியளா?"

6

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்கைக்குப் பொறுமை கிடையாது. மருத்துவக் குறிப்பில் பிழை இருந்தால் திருத்தக் கேட்பதற்கு ஒரு படிவம் உண்டு. அதை ஹெலன் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒரு பக்கம்தான், ஆனால் அது மூன்று தடவை திரும்பி வந்தது. ஒரு தடவை தேதியை மாதத்துக்கு முன்னால் எழுதியதற்கு, ஒரு தடவை நீல மைக்கு, ஒரு தடவை ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் அந்த நிபுணரே அண்ணாச்சியைக் கூப்பிட்டு, வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டாராம். கம்ப்ரசர் பற்றி, ஆழம் பற்றி, எத்தனை முங்கு என்று. எழுந்து கைகொடுத்தாராம். இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது நடக்கிறார். தோளுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். திரேஸ்புரத்துக்கு நான் எழுதிக் கொடுத்த தமிழ்க் காகிதம் போனது, அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

ஆனால் இந்த மேசை எதற்கு என்று நீ கேட்டாய் அல்லவா? அதற்குப் பதில் இதில் எதுவும் இல்லை. அன்றைக்கே மேசையில் நடந்தது ஒன்று இருக்கிறது.

கட்டுரையை அச்செடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வீட்டில் சொல்லாமல் வந்தது தெரிந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டு மகனுக்குப் போன் போட்டேன். ராயப்பன் என்று பெயர். கிட்டங்கி வேலை உடுப்போடு கால் மணி நேரத்தில் வந்து நின்றான்.

"ஒரு வார்த்த சொல்லாமலா வருவிய? காணலன்னா எங்கெல்லாம் தேட?" என்றான் அப்பாவிடம். என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கிடுங்கக்கா, ஏதாச்சும் தொந்தரவு குடுத்தாவளா?" என்றான். அந்தக் கேள்வியின் அர்த்தம் மூன்று பேருக்கும் தெரிந்தது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நாலு கேட்டிருப்பேன், ஹெலன் பக்கத்தில் நின்றதால் தப்பித்தான்.

"உக்காருங்க தம்பி" என்றேன். "அண்ணாச்சி, டாக்டர்ட்ட சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. அதே மாதிரி."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சங்கு குளிக்கப் போனது. இருபத்தைந்து வருடம் தண்ணியிலேயே கிடந்தது. நெதமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது, பூசைக்குப் போக வேண்டுமே.

ராயப்பன் திரேஸ்புரத்துப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவனுக்குத் தேவைப்படவில்லை. தண்ணி என்ற இடத்திலேயே அவன் முகம் மாறிவிட்டது. நான் அச்செடுத்த தாள்களை அவன் முன்னால் வைத்தேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன். வாசித்தான். எக்ஸ்ரே படம் இருந்த பக்கத்தில் நின்றுவிட்டான்.

"நான் சின்னப் பிள்ளையில," என்றான் என்னிடம், அப்பாவைப் பார்க்காமல், "சாயங்காலம் கரைக்கு வந்தா அப்பாவுக்கு ரெண்டு கையும் வாய்க்கு எட்டாதுக்கா. அம்மைதான் சோறு ஊட்டுவா. நான் அதப் பாத்துக் கேலி பண்ணிச் சிரிச்சிருக்கேன்."

அண்ணாச்சி, "பிள்ளைல்லா, அப்ப ஒனக்கு என்ன தெரியும்?" என்றார்.

அவன் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நம்மூரில் அப்பாவிடம் யார் கேட்டிருக்கிறார்கள்? தாள்களை அடுக்கி மடித்தான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடம் விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான்.

"நீ பெர்மிசன் போடாண்டாம். பிள்ளைய அப்பா கூட்டிட்டு வருவாவ."

அந்தப் பக்கம் அவள் என்னவோ கேட்டாள்.

"ஆமா," என்றான் அவன். "தனியாத்தான்."